உப்புக்காத்து – 37: பனி பெய்யாத ஊர்ல ஒரு பனிமேரி

ரெண்டு வாரமா உப்புக்காத்து வீசலை. ஆய்வுக்கூடத்துல ஆணி அதிகம் மக்கா, மன்னிச்சுக்கோங்க. இந்த வாரத்துக்கு வலென்சியா அரிசியில குழையாம சோறு வடிக்கிறது எப்படின்னு பாதி தட்டி வச்சிருந்தேன். அதுக்குள்ள தூத்துக்குடில இருந்து அண்ணன் போன். சோறு அடுத்த வாரம் வடிப்போம்.

அண்ணனுக்குப் பொம்பளப் பிள்ளை பிறந்து நாப்பது நாளாச்சு. ஞானஸ்நானத்துக்குத் தேதி குறிச்சாச்சு, பேருதான் குறிக்கலை. அப்பாவைப் பெத்த பாட்டி பேரை வைக்கணும்னு அம்மா ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. பாட்டி பேரு பனிமயம். அந்தப் பேரைக் கொஞ்சம் மாத்தி ஏற்கெனவே வீட்ல ஒருத்திக்கு வச்சாச்சு. அதான் நான். பனிமேரி.

"இருந்தேன்"னு சொல்லணும். பாஸ்போர்ட்ல இப்ப வேற பேரு.

மதினி போனை வாங்கி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "நீயே வேண்டாம்னு கழட்டிப் போட்ட பேரத்தான் எம்பிள்ளைக்கு வைக்கணுமா?"

என்னத்தச் சொல்ல? "வார்டனுக்கு சாவி குடுக்கணும், அப்புறம் பேசுறேன்"னு போனை வச்சுட்டேன். எனக்கு வார்டனே கிடையாது.

கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கறேன். தூத்துக்குடிக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்களுக்கு: எங்க ஊர்ல பனிமய மாதா கோயில்னு ஒண்ணு உண்டு. வருஷா வருஷம் ஜூலை 26 கொடியேத்தி ஆகஸ்ட் 5 திருநாள். வெயில் மண்டையைப் பொளக்குற மாசத்துல, உப்பளத்துக்கு நடுவுல இருக்குற ஊர்ல, பனிக்கு ஒரு மாதா. பழைய ஆளுங்க பனிமய மாதான்னு கூடச் சொல்ல மாட்டாங்க, "தஸ்நேவிஸ் மாதா"ம்பாங்க. சின்ன வயசுல நான் தஸ்நேவிஸ்னா ஏதோ மந்திரச் சொல்லுன்னு நினைச்சிருந்தேன். பாட்டி கொட்டாவி விட்டாக்கூட "தஸ்நேவிஸ் மாதாவே"தான்.

பாட்டி பனியப் பாத்ததில்லை. ஊட்டிக்குக்கூடப் போனதில்லை. "பனின்னா எப்படி பாட்டி இருக்கும்?"னு கேட்டா, ரோட்டோரத்துல வெள்ளையாக் குவிச்சிருக்குற உப்பு அம்பாரத்தைக் காட்டி, "அந்தா அப்படித்தான், ஆனா குளிரும்"பாங்க. இங்க வந்து மலையில நிஜப் பனியப் பாத்தப்ப எனக்கும் முதல்ல தோணினது "அட, உப்பு"ன்னுதான்.

பேரு விஷயத்துல பாட்டிக்குப் பெருமை. எனக்கு இல்லை. பள்ளிக்கூடத்துல "பனி வந்துட்டா, ஸ்வெட்டர் போடு"ன்னு ஆரம்பிச்சுது. காலேஜ் ஹாஸ்டல்ல ரூம்மேட் மலையாளி. அவங்க பாஷைல பனின்னா காய்ச்சல். "உங்க வீட்ல பிள்ளைக்குக் காய்ச்சல்னா பேரு வச்சாங்க?"ன்னு கேட்டுட்டுச் சிரிச்சு உருண்டா. அதெல்லாம் தாங்கிக்கலாம். தாங்க முடியாதது வேற. பேரைச் சொன்ன அடுத்த நொடி எதிர்ல இருக்குறவங்க முகத்துல ஒரு கணக்கு ஓடும். பனி, மேரி, தூத்துக்குடி... ஓ, கடற்கரை. ஒரு இன்டர்வியூல ஒரு பெரிய மனுஷர் ரொம்ப அன்பாவே கேட்டார், "மீன் பிடிக்கிறவங்களாம்மா?" ஆமா சார், எங்க தாத்தா வள்ளத்துல போனவர்தான், அதுல என்ன வந்துச்சுன்னு கேட்டிருக்கணும். கேக்கலை. வீட்டுக்கு வந்து அரசிதழ்ல பேர் மாத்துறதுக்கு என்ன ஃபாரம்னு தேடினேன்.

புதுப் பேரு மூணெழுத்து. எந்த ஊரு, எந்த மதம், எந்த ஜாதின்னு எவனும் சொல்ல முடியாது. அது என்னன்னு இங்கயும் சொல்ல மாட்டேன். புனைபெயர்ல எழுதுறதோட சுகமே அதுதானே :-)

அப்பா அம்மாவுக்குத் தெரியும். பாட்டிக்கு மட்டும் சொல்லலை. பாஸ்போர்ட் தபால்ல வந்த அன்னிக்கு வீட்ல பாட்டி மட்டும்தான். போஸ்ட்மேன் பேரை வாசிச்சிருக்கார். "அப்படி யாரும் இங்க இல்லைய்யா, வேற வீடா இருக்கும்"னு திருப்பி அனுப்பிட்டாங்க. சாயங்காலம் நான் குதிச்ச குதியிலதான் அவங்களுக்கு விஷயமே தெரிஞ்சுது. திட்டலை, அழலை. கருவாட்டை வெயில்ல இருந்து எடுத்து வச்சுக்கிட்டே, "அந்தப் பேரு ஒன்ன என்னட்டி செஞ்சுச்சு?"ன்னு கேட்டாங்க. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. சாகுற வரைக்கும் என்னை "பனி"ன்னுதான் கூப்பிட்டாங்க. புதுப் பேரு அவங்க வாயில ஒரு தடவைகூட வரலை.

சரி, கொசுவத்திய அணைச்சாச்சு. இங்க வலென்சியாவுக்கு வருவோம்.

நான் குடியிருக்குற வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபத்தஞ்சு தாண்டியாச்சு. இங்க பெரியவங்களையும் பேரு சொல்லித்தான் கூப்பிடணும், அம்மா ஆன்ட்டி எதுவும் செல்லாது. முதல் மாசம் எனக்கு வாயே வரலை. அவங்க பேரு நெவ்ஸ். ஏதோ ஒரு பேருன்னு விட்டுட்டேன். ஒரு நாள் தபால்பெட்டியில ரெண்டு கடிதம். ஒண்ணு நெவ்ஸுக்கு, இன்னொண்ணு ‘மரியா தெ லாஸ் நியேவெஸ்’ங்கிற அம்மாவுக்கு. பாட்டி மாதிரியே நானும் ரெண்டாவதைத் திருப்பி அனுப்பப் பாத்தேன். "அதுவும் நான்தான்"னு சிரிச்சாங்க.

ஸ்பானியப் பொம்பளைங்க பேருல ஒரு சூட்சுமம் உண்டு. பாதிக்குப் பாதி பேரு மரியாதான். ஆனா எந்த மாதான்னு பின்னால ஒட்டு வரும். நாளடைவுல மரியா உதிர்ந்துபோய் ஒட்டு மட்டும் பேரா நின்னுடும். மரியா தெ லோஸ் தொலோரெஸ், அதாவது துயரங்களின் மரியா, வெறும் தொலோரெஸ் ஆகி, செல்லமா லோலா ஆயிடுவா. லோலான்னா ஏதோ ஸ்டைலான பேருன்னு நினைச்சிட்டிருந்தேன், பாத்தா நம்ம வியாகுலமேரி! இது புரிஞ்ச அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை. உக்காந்து ஜோடி சேத்துப் பாத்தேன். ரொஸாரியோன்னா செபமாலை. கொன்செப்சியோன்னா அமலோற்பவம். ஸொகோர்ரோ நம்ம சகாயமேரி. ஸலூத்ங்கிறவ ஆரோக்கியமேரி. வலென்சியாவோட காவல் மாதா ஆதரவத்தவங்களுக்கான மாதா, அதனால இங்க தெருவுக்கு நாலு பேருக்கு அம்பாரோன்னு பேரு. அம்பாரோன்னா அடைக்கலம். எங்க தெருவுல அடைக்கலமேரி அத்தை இட்லிக்கடை வச்சிருந்தாங்க. இங்க அம்பாரோ ரொட்டிக்கடை வச்சிருக்காங்க.

நியேவெஸ்னா பனி. ஒருமை இல்லை, பன்மை. பனிகள். ஒரு பொண்ணுக்குப் பன்மையில பேரான்னு ஆச்சரியமா இருக்கும். தொலோரெஸும் மெர்ஸேதெஸும் அதே கணக்குத்தான். ஸ்பானிஷ்ல தெ லாஸ் நியேவெஸ். போர்த்துகீஸ்ல தஸ் நேவெஸ். தஸ்... நேவெஸ்... தஸ்நேவிஸ்!

சத்தியமாச் சொல்றேன், கையில இருந்த காபி கொட்டிடுச்சு. பாட்டி கொட்டாவியோட சொன்ன மந்திரத்துக்கு அர்த்தம் ‘பனிகளின்’. அவ்வளவுதான். நாலரை நூத்தாண்டாப் பரவர் வாயில உருண்டு தேஞ்ச போர்த்துகீஸ் சொல்லு. வீட்டுக்கார அம்மா பேரு நெவ்ஸ் அதே சொல்லோட வலென்சியா வடிவம், காத்தலான்லயும் அப்படித்தான். அப்ப அடுக்களையில நின்னு வெங்காயம் நறுக்கிட்டிருந்தது ஒரு பனி, பக்கத்துல காபியத் துடைச்சிட்டிருந்தது இன்னொரு பனி. காய்ச்சல்னு அர்த்தம் சொன்ன ரூம்மேட்டை அன்னிக்கு மன்னிச்சேன்.

கதையின் வேர் ரோமாபுரியில. நாலாம் நூத்தாண்டு, பிள்ளை இல்லாத ஒரு பணக்காரத் தம்பதி. சொத்தை மாதாவுக்கு எழுதி வைக்க ஆசைப்பட்டு வேண்டிக்கிறாங்க. நாளைக் காலைல எங்க பனி பெஞ்சிருக்கோ அங்க கோயில் கட்டுன்னு கனவு. ஆகஸ்ட் மாசம், ரோமில கொதிக்கிற வெயில். ஆகஸ்ட் 5 காலைல பாத்தா எஸ்குலின் குன்றுல வெள்ளை வெளேர்னு பனி. போப் லிபேரியுஸ் வந்து அந்தப் பனி மேலயே கோயிலுக்குக் கோடு போட்டாராம். ஆனா இந்தக் கதை எழுத்துல வர்றது பல நூறு வருஷம் கழிச்சுத்தான். இப்ப அங்க இருக்குற புனித மரியா பேராலயம் ஐந்தாம் நூத்தாண்டுல போப் மூன்றாம் சிக்ஸ்துஸ் காலத்துக் கட்டடம். 2025 ஏப்ரல்ல போப் பிரான்சிஸை அடக்கம் பண்ணினாங்களே, அதே கோயில். இன்னும் ஒவ்வொரு ஆகஸ்ட் 5க்கும் பூசை நடுவுல மேல இருந்து வெள்ளைப் பூவிதழைக் கொட்டுறாங்க, பனி மாதிரி.

இதுல ஒரு வேடிக்கை. 1969ல திருவழிபாட்டு நாட்காட்டியத் திருத்தினப்ப, அந்த நாளோட பேருல இருந்து பனிய எடுத்துட்டு, கோயில் நேர்ந்தளிப்பு நாள்னு மட்டும் வச்சுட்டாங்க. ரோமே அரசிதழ்ல பேரை மாத்தின மாதிரிதான். அப்ப நான் மாத்தினது மட்டும் என்ன பெரிய குத்தம்? (பாட்டிகிட்ட இந்த வாதம் எடுபட்டிருக்காது. நாட்காட்டி மாறினப்புறமும் தூத்துக்குடி தஸ்நேவிஸை விடலையே.)

பேரு மட்டும் சூடான ஊரா பாத்துப் பாத்துப் போயிருக்கு. கேனரி தீவுகள்ல லா பால்மாவுக்குக் காவல் மாதா பனி மாதாதான். 1680ல இருந்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மலைக்கோயில்ல இருந்து நகரத்துக்கு இறக்கிக் கொண்டு வர்ற விழா உண்டு. கரீபியன்ல நெவிஸ்னு ஒரு தீவு. அந்தப் பேரும் இதே நியேவெஸ்ல இருந்து வந்ததுதான். எங்க ஊர்ல இயேசு சபைக்காரங்க 1582ல கோயில் கட்டினாங்க. 1658ல டச்சுக்காரங்க ஊரைப் புடிச்சப்புறம் மாதா பட்ட பாடு தனிக்கதை. இப்ப இருக்குற கோயில் 1713. பரவர்களோட ஜாதித் தலைவர் செஞ்சு குடுத்த தங்கத்தேர் முதல்ல ஓடினது 1806ல. அது வருஷா வருஷம் ஓடாது. 2013ல ஓடிச்சு, அப்புறம் 2023ல. 2013ல பாட்டி கையப் புடிச்சுக்கிட்டு வடம் தொட்டேன்.

இன்னொரு முடிச்சும் இருக்கு. ரோம் கோயில்ல ஒரு புகழ்பெத்த மாதா படம் உண்டு. அதை நகல் எடுக்க 1569ல போப்பாண்டவர்கிட்ட அனுமதி வாங்கி, சபைக்காரங்க போன தேசமெல்லாம் அனுப்பி வச்சவர் இயேசு சபைத் தலைவர் பிரான்சிஸ் போர்ஜியா. அவர் பிறந்த ஊர் காந்தியா. நம்ம காந்தியில்லை, வலென்சியாவுக்குத் தெக்க இருக்குற ஊரு. வீட்டுக்கார அம்மாவுக்கும் அதே ஊருதான். எங்க மாதா படம் இல்லை, சிலை. அதனால ரெண்டையும் நான் முடிச்சுப் போடலை. ஆனா இதைச் சொன்னப்ப நெவ்ஸுக்கு ஏதோ அவங்க சித்தப்பாதான் கப்பல்ல அனுப்பி வச்ச மாதிரி ஒரு பெருமை.

மலைப்பக்கம் பனிக்கிணறுகளும் இருக்கு. குளிர்காலத்துல பனிய மிதிச்சுக் குழியில சேத்து, வைக்கோல் போட்டு மூடி, கோடையில கோவேறு கழுதையில ஏத்திக் கீழ நகரத்துக்குக் கொண்டு வந்து வித்திருக்காங்க. ஃப்ரிட்ஜுக்கு இன்னிக்கும் ஸ்பானிஷ்ல நெவேரான்னுதான் பேரு. அதாவது எங்க குடும்பப் பேரு ஃப்ரிட்ஜுலயும் ஒட்டியிருக்கு. அவ்வ்வ்.

ஆனா மதினி கேள்விக்கு இதெல்லாம் பதில் இல்லை. ரெண்டு கடிதக் கதையைக் கேட்டப்புறம்தான் எனக்கு உறைச்சுது.

நெவ்ஸ் பிறந்தது 1959. அப்ப ஃபிராங்கோ ஆட்சி. உள்நாட்டுப் போர் நடந்துட்டிருந்த 1938 மே மாசமே அவங்க தரப்பு ஒரு உத்தரவு போட்டிருந்துது. ஸ்பானியக் குழந்தைக்குப் பேரு காஸ்தெல்லானோ ஸ்பானிஷ்லதான் இருக்கணும்னு. காத்தலான், வலென்சியன், பாஸ்க், கலீசியன் எதுவும் பதிவேட்டுல ஏறாது. அப்பா போய் நெவ்ஸ்னு சொல்லியிருக்கார். குமாஸ்தா எழுதினது மரியா தெ லாஸ் நியேவெஸ். "பள்ளிக்கூடத்துல நியேவெஸ்னு கூப்பிட்டா எனக்குத் திரும்பிப் பாக்கவே தோணாது. அடி வாங்கினப்புறம்தான் அது நான்னு ஞாபகம் வரும்"னு சொன்னாங்க. வீட்ல ஒருத்தர்கூட அந்தப் பேரைச் சொன்னதில்லையாம்.

1975ல ஃபிராங்கோ போய்ச் சேர்ந்தார். 1977 ஜனவரியில சட்டம் மாறுச்சு. ஸ்பெயின்ல பேசுற எந்த மொழியிலயும் பேரு வைக்கலாம், பழைய பேரையும் மாத்திக்கலாம். அவங்க அப்பா குடும்பப் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு, நல்ல சட்டையப் போட்டுக்கிட்டு, பதினேழு வயசுப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு அலுவலகத்துக்குப் போயிருக்கார். "அன்னிக்கு அப்பா முகத்தை நீ பாத்திருக்கணும்"னாங்க. ஏதோ ஒரு பழைய கணக்குல மட்டும் இன்னும் மாத்தாம விட்டிருக்காங்க. அதுலதான் அப்பப்ப மரியா தெ லாஸ் நியேவெஸுக்குக் கடிதம் வருது.

அவங்க ஒரு அரசாங்கத்துகிட்ட இருந்து திருப்பி வாங்கின அதே பேரை, நான் யாரும் கேக்காமலே காசு கட்டி, ஃபாரம் எழுதி, அரசாங்கத்துகிட்ட ஒப்படைச்சிருக்கேன்.

என் கதையையும் சொன்னேன். போஸ்ட்மேன், கருவாடு, எல்லாம். அறிவுரை எதுவும் சொல்லலை. "பாட்டி பேரு எப்படி உச்சரிக்கணும்?"னு மட்டும் கேட்டாங்க. "பனி. மயம்." மூணு தடவை சொல்லிப் பாத்தாங்க. ‘ம’வுக்கு அப்புறம் வர்ற ‘ய’ அவங்களுக்கு வரவே இல்லை. எனக்கு எதுக்கோ மூக்கு உறிஞ்ச ஆரம்பிச்சுடுச்சு, வெங்காயம்னு சொல்லிட்டேன்.

மறுநாள் மதினிக்கு நானே போன் போட்டேன். அவங்க ஏதோ வாதாடப் போறேன்னு தயாராத்தான் இருந்தாங்க.

"மதினி, நான் கழட்டிப் போட்டது பேரு புடிக்காம இல்ல. பயந்துக்கிட்டு"ன்னேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இன்டர்வியூ கதை இதுவரைக்கும் வீட்ல யாருக்கும் தெரியாது. அன்னிக்குத்தான் சொன்னேன். மதினியும் எங்க கடற்கரைதான், மணப்பாடு. கொஞ்ச நேரம் கழிச்சு, "எங்கிட்டயும் கேட்டிருக்கான்"னு மட்டும் சொன்னாங்க. யாரு, எங்கன்னு நான் கேக்கலை.

"அப்ப எம்பிள்ளைகிட்டயும் கேப்பான்லா?"

"கேப்பான் மதினி."

இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லலை. வைன்னும் சொல்லலை, வைக்காதன்னும் சொல்லலை. எடுத்துப் போட்டவளுக்கு ரெண்டும் சொல்ற அருகதை இல்லைன்னு தோணுச்சு. தஸ்நேவிஸ்க்கு அர்த்தம் சொன்னேன், ரோம்ல பூவிதழ் கொட்டுறதைச் சொன்னேன், லோலாதான் வியாகுலமேரின்னு சொன்னதுக்கு மட்டும் மதினி சத்தமாச் சிரிச்சாங்க. அவங்க சித்தி பேரு வியாகுலமேரி. "சித்திய இனி லோலான்னுதான் கூப்பிடப் போறேன்"னாங்க. வெறும் ‘நேவிஸ்’னு வச்சா நல்லாருக்குமான்னும் ஒரு யோசனை சொன்னாங்க. அம்மா ஒத்துக்குவாங்களான்னு தெரியாது. யோசிச்சுட்டுச் சொல்றேன்னு வச்சுட்டாங்க.

நேத்து ராத்திரி அண்ணன் வாட்ஸப்ல ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தான். பாப்பா வீல்வீல்னு அழுற சத்தம். தூரத்துல மதினி குரல், "வாரேன் வாரேன், அழாதட்டி பனி"ன்னு. பதிவேட்டுல என்ன எழுதப் போறாங்கன்னு அண்ணன் ஒண்ணும் சொல்லலை.

நான் அதை நாலு தடவை போட்டுக் கேட்டேன். அஞ்சாவது தடவை நெவ்ஸ் எட்டிப் பாத்து, யாரு அழுறான்னு கேட்டாங்க.

பி.கு: கீழ தபால்பெட்டியில என் பேரை எழுதி ஒட்டணும்னு நெவ்ஸ் மூணு மாசமாச் சொல்லிட்டிருந்தாங்க. இன்னிக்கு ஒட்டியாச்சு. பாஸ்போர்ட் பேரு மேல, அதுக்குக் கீழ தமிழ்ல ‘பனிமேரி’. இந்த ஊரு தபால்காரர் அதை வாசிக்கப் போறதில்லை.

பி.பி.கு: உங்க வீட்லயும் இப்படிக் கப்பலேறி வந்த பேரு இருந்தா பின்னூட்டத்துல போட்டுட்டுப் போங்க. அனானி ஆட்டம் வேண்டாம், பேரைப் பத்தின பதிவுல பேரு போடாம வந்தா நல்லாவா இருக்கும்?